கடின நீரா, கலங்கல் நீரா?
நீரின் குறையறிந்து பரிகாரம் தேடுவோம்

தோட்டப்புறங்களில் நீரைப் பற்றிய குறைகள் பலவாறாகச் சொல்லப்படுகின்றன. சவர்க்காரம் நுரைப்பதில்லை என்பார் ஒருவர். பருப்பு வேகவில்லை என்பார் மற்றொருவர். கேத்தலின் அடியில் ஏதோ படிகிறது, வெள்ளைத் துணி மஞ்சளாகிறது, மழை பெய்தால் குழாயில் சேறு வருகிறது என்றெல்லாம் கேட்கிறோம். இத்தனை குறைகளுக்கும் நாம் பொதுவாகச் சொல்லும் காரணம் ஒன்றே: "தண்ணீர் சரியில்லை."

ஆனால், இவை யாவும் ஒரே நோயின் அறிகுறிகள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, பரிகாரமும் வேறு. காரணத்தை அறியாமல் பரிகாரம் தேடுவோமாயின் பணமும் வீணாகும், உடல்நலத்துக்கும் கேடு விளையும். நீரை மென்மையாக்கும் கருவி, வடிகட்டும் கருவி, கிருமியைக் கொல்லும் கருவி எனப் பலவற்றை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தவணை முறையில் விற்கும் இக்காலத்தில் இந்த வேறுபாட்டை ஒவ்வொரு தொழிலாளர் குடும்பமும் அறிந்திருத்தல் அவசியம்.

கடின நீர் என்றால் என்ன, அதனை எவ்வாறு கண்டறிவது, வீட்டிலும் கடையிலும் தொழிற்சாலையிலும் எவ்வாறு பக்குவப்படுத்துவது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம். கடின நீர் அல்லாத ஒன்றைக் கடின நீர் என எண்ணி ஏமாறாதிருக்கும் வழியையும் அறிந்துகொள்வோம்.

நீர் எவ்வாறு கடினமாகிறது?

மேகத்திலிருந்து விழும் மழைநீரில் தாதுப் பொருள்கள் அநேகமாக இல்லை. அது காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சிறிதளவு தன்னுள் கரைத்துக்கொண்டு, மிக மெல்லிய அமிலமாகிறது. இந்த நீர் சுண்ணாம்புக் கல்லின் வழியே ஊறிச் செல்லும்போது அக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. அவ்வாறு கரைந்து சேரும் கால்சியம், மக்னீசியம் ஆகிய இரண்டின் உப்புகளே நீரைக் கடினமாக்குகின்றன. இவை கண்ணுக்குத் தெரியமாட்டா. பளிங்கு போலத் தெளிந்த நீரும் மிகக் கடினமான நீராக இருக்கக்கூடும்.

கடினத்தன்மையை ஒரு லிட்டர் நீரில் எத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான உப்பு இருக்கிறது எனக் கணக்கிடுவர். 60 மில்லிகிராம் வரை இருப்பின் மென்னீர். 61 முதல் 120 வரை ஓரளவு கடினம். 121 முதல் 180 வரை கடினம். அதற்கும் மேற்பட்டால் மிகக் கடினம்.

கடின நீரைக் குடிப்பதால் கெடுதி உண்டா என்ற ஐயம் பலருக்கு எழும். உலகச் சுகாதார நிறுவனம், உடல்நலத்தை முன்னிட்டு நீரின் கடினத்தன்மைக்கு எந்த வரம்பும் விதிக்கவில்லை. நம் நாட்டுச் சுகாதார அமைச்சின் குடிநீர்த் தரக்கட்டளை லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை அனுமதிக்கின்றது. கால்சியமும் மக்னீசியமும் நம் உடலுக்கு வேண்டிய தாதுக்களே. ஆகவே, கடின நீரால் ஏற்படும் தொல்லை பெரும்பாலும் சவர்க்காரத்துக்கும் பாத்திரத்துக்கும் கொதிகலனுக்கும்தானேயன்றி வயிற்றுக்கு அன்று.

கடின நீருக்குப் பேர்போன இடங்கள் சுண்ணாம்புக் கல் பூமிகளே. இலங்கையின் யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்தது. அங்குள்ள மக்கள் நெடுங்காலமாகக் கிணற்று நீரையே நம்பி வாழ்பவர்கள்; கேத்தலில் வெள்ளைப் படிவு ஏறுவது அங்கு அன்றாடக் காட்சி. நம் நாட்டில் ஈப்போவைச் சுற்றி எழுந்து நிற்கும் குன்றுகளும், பெர்லிஸ், லங்காவி ஆகிய இடங்களின் குன்றுகள் பலவும் சுண்ணாம்புக் கல்லே. அத்தகைய இடங்களில் தோண்டும் கிணற்று நீர் கடினமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

லெம்பா பெர்த்தாம் கூறும் பாடம்

இனி, கேமரன் மலைக்குச் செல்வோம். பகாங் மாநிலத்தில், ரிங்லெட் பட்டணத்தை அடுத்துள்ள லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கையும் அதன் சுற்றுப்புறத்தையும் நம்மில் பலர் அறிவோம். தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தெடுக்கச் சென்ற நம் உறவினர் பலர் தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்து வந்துள்ளனர். இன்று அப்பள்ளத்தாக்கில் காய்கறித் தோட்டங்களும் மிகுந்துள்ளன.

அந்த மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனது. கருங்கல் எளிதில் கரைவதில்லை. ஆகவே, அதன்மேல் ஓடிவரும் ஓடை நீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகக் குறைவு. இயல்பால் அது மென்னீர். மலைத் தேயிலை மலை நீரில் நன்றாக இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். கடின நீரில் தேநீர் தயாரித்தால் நிறம் மங்கி, மேலே ஆடை போன்ற ஒரு படலம் மிதக்கும். மென்னீரில் தேநீர் பளிச்சென்று தெளிந்திருக்கும்.

அப்படியானால் லெம்பா பெர்த்தாமில் நீரைப் பற்றிய குறையே இல்லையா? உண்டு. ஆனால் அக்குறை கடினத்தன்மை அன்று, கலங்கல். காய்கறி, மலர்ப் பயிர்களுக்காகவும் கட்டடங்களுக்காகவும் சரிவான நிலங்களிலுள்ள மரங்களை அகற்றியதால், மழை பெய்யும்தோறும் மேல்மண் கரைந்து ஆற்றில் கலக்கிறது. பிரிஞ்சாங்கிலிருந்து தானா ராத்தா வழியாக இறங்கி வரும் பெர்த்தாம் ஆறு, ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் அந்த மண்ணைக் கொண்டுவந்து சேர்க்கிறது. 1963ஆம் ஆண்டில் கட்டிமுடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணைக்கட்டின் பின்னே உள்ள இத்தேக்கம் மின்சார உற்பத்திக்காக அமைக்கப்பட்டது. இன்று அதன் கொள்ளளவில் கணிசமான பகுதியை வண்டல் விழுங்கிவிட்டது. மண்ணைத் தோண்டி எடுக்கும் பணி ஓயாமல் நடைபெறவேண்டியுள்ளது.

2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் நள்ளிரவு நேரத்தில், கனமழையால் தேக்கம் நிரம்பி அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, பெர்த்தாம் ஆறு கரைபுரண்டு லெம்பா பெர்த்தாமில் புகுந்தது. சேறு கலந்த அவ்வெள்ளத்தில் உயிர்கள் பலியாயின. வீடுகள் பல சேதமுற்றன. ஆற்றில் சேரும் மண் எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை அந்த இரவு நாட்டுக்கு உணர்த்திற்று.

சேற்றுடன் வருவது மண் மட்டுமன்று. மனித, விலங்குக் கழிவுகளின் கிருமிகளும், வயல்களில் தெளிக்கும் பூச்சிமருந்தும் மழைநீரோடு ஓடைகளில் இறங்கக்கூடும். நீரை மென்மையாக்கும் கருவி இவற்றில் ஒன்றையும் நீக்காது. மென்னீர் உள்ள ஊரில் அக்கருவியை வாங்கி மாட்டுவது, காய்ச்சல் கண்டவனுக்குக் கண்ணாடி வாங்கிப் போடுவதற்கு ஒப்பாகும். கண்ணாடி நல்ல பொருள்தான். ஆனால் காய்ச்சலுக்கு அது மருந்தாகாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

நம் வீட்டு நீரின் குறை என்ன என்பதைச் செலவில்லாமல் ஓரளவு கண்டறியலாம். பின்வரும் நான்கு சோதனைகளையும் செய்து பாருங்கள்.

முதலாவது, சவர்க்காரச் சோதனை. ஒரே அளவுள்ள இரண்டு போத்தல்களை எடுத்துக்கொள்க. ஒன்றில் சுத்தமான மழைநீரையும் மற்றதில் குழாய் அல்லது கிணற்று நீரையும் பாதியளவு ஊற்றுக. துணி துவைக்கும் கட்டிச் சவர்க்காரத்தைச் சீவி, இரண்டிலும் சம அளவு இட்டு, மூடி நன்றாகக் குலுக்குக. மழைநீர் நுரைத்து எழும். மற்றதும் அவ்வாறே நுரைத்தால் அது மென்னீர். நுரை வராமல் திரிதிரியாக வெள்ளைக் கசடு மிதந்தால் அது கடின நீர். சலவைத்தூளைக் கொண்டு இச்சோதனையைச் செய்யலாகாது. ஏனெனில் சலவைத்தூள் கடின நீரிலும் நுரைக்குமாறு தயாரிக்கப்படுவது.

இரண்டாவது, கேத்தல் சோதனை. கேத்தலின் அடியில் படிந்துள்ளதைச் சுரண்டிப் பாருங்கள். வெண்மையாகவும் கல்போல் ஒட்டியும் இருந்து, அதன்மேல் எலுமிச்சைச் சாற்றையோ காடியையோ விட்டதும் சிறு குமிழிகள் எழுந்தால் அது சுண்ணாம்புப் படிவு, நீர் கடினமானது. பழுப்பு நிறத்தில் மெத்தென்று இருந்து, விரலால் துடைத்தால் நீங்கி, எலுமிச்சைச் சாற்றுக்கும் குமிழி எழாவிட்டால் அது பெரும்பாலும் மண். நீரின் குறை கலங்கலே.

மூன்றாவது, கறையைக் கவனித்தல். துணியிலும் தொட்டியிலும் மஞ்சள் அல்லது செம்பழுப்புக் கறை படிந்தால், அது இரும்புச் சத்தினால் வருவது. கிளந்தான் மாநிலத்தில் நிலத்தடி நீரே பொது விநியோகத்துக்குப் பெரிதும் பயன்படுகின்றது. அங்கு முக்கியத் தொல்லை இந்த இரும்பே. காற்றுப் படும்படி நீரைத் தெளித்துக் கொட்டினால் இரும்பு துருவாக மாறிப் பிரியும். பின்பு மணலில் வடிகட்டி அதனை நீக்குவர். தோட்டங்களில் பழைய இரும்புக் குழாய் துருப்பிடிப்பதாலும் இதே கறை உண்டாகும்.

நான்காவது, பருப்புச் சோதனை. கடின நீரிலுள்ள கால்சியம், பருப்பின் தோலிலும் தசையிலும் உள்ள பிசின் போன்ற பொருளை இறுக்கிவிடும். அதனால் பருப்பு எளிதில் குழைவதில்லை. நம் பெரியோர், "பருப்பு வேகாத கிணறு" என்று ஒரு கிணற்றை ஒதுக்கியது வெறும் நம்பிக்கை அன்று. அதில் உண்மை உண்டு.

ஆயினும், கேமரன் மலையில் பருப்பு வேகவில்லையென்றால் நீரைப் பழிக்கலாகாது. உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அதனால் நீர் 100 டிகிரியை எட்டுவதற்கு முன்பே கொதித்துவிடுகின்றது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் நீர் சுமார் 96 டிகிரியில் கொதிக்கும். எவ்வளவு விறகு எரித்தாலும் திறந்த பானையில் சூடு அதற்குமேல் ஏறாது. ஆகவே பருப்பு வேக அதிக நேரம் பிடிக்கிறது. இதற்குப் பரிகாரம் பிரஷர் குக்கரே. நீரை மென்மையாக்கும் கருவி அன்று. பருப்பை மழைநீரில் ஒரு முறையும் குழாய் நீரில் ஒரு முறையும் வேகவைத்துப் பார்த்தால் உண்மை புலனாகும். இரண்டிலும் ஒரே நேரம் பிடித்தால் குறை நீரில் இல்லை. மலையின் உயரமோ பருப்பின் பழமையோதான் காரணம்.

வீட்டில் கடின நீரைப் பக்குவப்படுத்துதல்

கடினத்தன்மை இருவகை: தற்காலிகக் கடினம், நிலையான கடினம். கால்சியமும் மக்னீசியமும் பைகார்பனேட்டாகக் கரைந்திருந்தால் அது தற்காலிகக் கடினம். கொதிக்க வைத்தால் சுண்ணாம்பாகப் படிந்து பிரிந்துவிடும். ஆறவைத்துத் தெளிந்த நீரை இறுத்து எடுத்தால் போதும். சல்பேட்டாகவோ குளோரைடாகவோ கரைந்திருந்தால் அது நிலையான கடினம், கொதித்தாலும் போகாது.

துணி துவைக்கும் நீருக்குச் சலவைச் சோடா எளிய பரிகாரம். ஒரு வாளி நீரில் சிறிதளவு இட்டுக் கலக்கினால், இருவகைக் கடினமும் வெண்கசடாகப் பிரியும். சவர்க்காரச் செலவு குறையும். இந்த நீரைச் சமையலுக்கோ குடிப்பதற்கோ பயன்படுத்தலாகாது.

கேத்தலில் ஏறிய சுண்ணாம்புப் படிவை நீக்க, காடியும் நீரும் சம அளவு கலந்தோ, எலுமிச்சைச் சாறு கலந்த நீரையோ ஊற்றிச் சூடாக்கி, சிறிது நேரம் ஊறவிட்டுக் கழுவுக. மின்சாரக் கேத்தலாயின் சூடாக்கியபின் மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டே ஊறவிட வேண்டும். அலுமினியப் பாத்திரத்தில் புளிப்புப் பொருளை நெடுநேரம் விடலாகாது. உலோகத்தையே அது அரிக்கும். கம்பியால் சுரண்டுவதும் பாத்திரத்தைக் கெடுக்கும்.

மழைநீரைச் சேமிப்பது இவை யாவற்றினும் எளிது. கூரையில் விழும் முதல் மழையை ஓடவிட்டு, அதன்பின் வரும் நீரைத் தொட்டியில் பிடித்தால் துவைப்பதற்கு அதைவிட மென்மையான நீர் வேறில்லை. தொட்டியை மூடி வைத்தல் அவசியம். இல்லையேல் கொசு முட்டையிட்டு டிங்கிக் காய்ச்சலை வரவழைக்கும்.

வீட்டில் கலங்கல் நீரைப் பக்குவப்படுத்துதல்

கலங்கல் நீருக்கு மூன்று படிகள் உண்டு: தெளியவைத்தல், வடிகட்டுதல், கொதிக்கவைத்தல். இவற்றில் ஒன்றையும் விடலாகாது.

தெளியவைக்கப் படிகாரத்தைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். படிகாரக் கட்டியை நீரில் சில சுற்றுச் சுற்றி எடுத்துவிட்டு அசையாமல் வைத்தால், நுண்ணிய மண் ஒன்றுதிரண்டு அடியில் தங்கும். பொது நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் இதே தத்துவமே பின்பற்றப்படுகின்றது.

படிகாரம் இல்லாத இடத்தில் முருங்கை விதை உதவும். நன்கு முற்றிக் காய்ந்த விதையின் தோலை நீக்கிப் பொடிசெய்து, மிகக் கலங்கிய நீராயின் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு விதை என்ற கணக்கில் எடுத்து, சிறிது நீரில் கரைத்துத் துணியில் வடிகட்டி, அந்தப் பாலைக் கலங்கல் நீரில் விட வேண்டும். ஒரு நிமிடம் வேகமாகவும், ஐந்து நிமிடம் மெதுவாகவும் கலக்கியபின் ஒரு மணி நேரம் அசைக்காமல் வைக்கவேண்டும். சூடான் நாட்டு நைல் நதிக்கரைப் பெண்கள் சேற்று நீரை இவ்வாறு தெளியவைத்து வந்தனர். நம் வீட்டுப் பின்புறத்தில் நிற்கும் முருங்கை கறிக்கு மட்டுமன்று, நீருக்கும் மருந்தாகிறது. இந்த நீரை அன்றே பயன்படுத்திவிட வேண்டும்; வைத்திருந்தால் கெட்டுவிடும்.

தெளிந்த நீரைச் சுத்தமான துணியில் வடிகட்டி, பின்பு பொங்கிக் கொதிக்கும் நிலையில் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும். கேமரன் மலையில் நீர் 96 டிகிரியிலேயே கொதித்தாலும் கிருமிகள் சாவதற்கு அச்சூடு போதுமானதே. தெளிந்து காணும் நீர் சுத்தமான நீர் என்று எண்ணிவிடலாகாது. கண்ணுக்குத் தெரியாத கிருமியே குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கையும் பெரியவர்களுக்குக் குடற்காய்ச்சலையும் உண்டாக்குகின்றது. பூச்சிமருந்தோ கொதிக்க வைத்தாலும் நீங்குவதில்லை. ஆகவே பயிர் நிலத்துக்குக் கீழே ஓடும் ஓடையிலிருந்து குடிநீர் எடுப்பதைத் தவிர்த்து, பயிர் நிலத்துக்கு மேலே உள்ள ஊற்றையோ பொதுக் குழாயையோ நாடுதல் வேண்டும்.

கடைகளிலும் தொழிலகங்களிலும்

சலவைக் கடை, உணவுக் கடை, தங்கும் விடுதி, பனிக்கட்டித் தொழிலகம் போன்றவற்றுக்கு நாள்தோறும் நிறைய நீர் வேண்டும். கடின நீர் உள்ள இடத்தில் வாளி வாளியாகச் சலவைச் சோடா கலந்துகொண்டிருக்க இயலாது. அங்கு பயன்படுவது மாற்றுப் பிசின் கருவி. 1935ஆம் ஆண்டில் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்ற இரு இங்கிலாந்து விஞ்ஞானிகள் செயற்கைப் பிசினால் நீரிலுள்ள உப்புகளை மாற்றலாம் எனக் கண்டறிந்தனர்.

இதன் வேலையை எளிதாக விளக்கலாம். கருவியினுள் கடுகு போன்ற பிசின் மணிகள் நிறைந்திருக்கும். அவற்றில் சோடியம் ஏற்றப்பட்டிருக்கும். கடின நீர் அதன் வழியே செல்லும்போது, மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு அவற்றுக்கு ஈடாகச் சோடியத்தை விட்டுவிடுகின்றன. மணிகளிலுள்ள சோடியம் தீர்ந்ததும் உப்புக் கரைசலை ஊற்றினால், பிடித்துவைத்த சுண்ணாம்பு நீங்கி மணிகள் மீண்டும் வேலைக்கு ஆயத்தமாகும். உப்பு இடாத கருவி வெறும் தொட்டிக்குச் சமானம்.

இக்கருவியைப் பற்றி மூன்று செய்திகளை மனத்திற் கொள்க. ஒன்று, இது கிருமியைக் கொல்லாது. இரண்டு, சேறும் இரும்பும் கலந்த நீரை நேராக இதனுள் விட்டால் மணிகள் அடைத்துக் கெட்டுவிடும். முதலில் வடிகட்டியாக வேண்டும். மூன்று, இதிலிருந்து வரும் நீரில் சோடியம் கூடியிருக்கும். இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்குமாறு மருத்துவர் சொல்லியிருப்பவர்களுக்கும், குழந்தைகளுக்குப் பால் கரைப்பதற்கும் மென்மையாக்காத ஒரு குழாயைத் தனியே வைத்தல் நலம்.

ஆலைகளிலும் ரப்பர் பாலிலும்

வீட்டில் கேத்தலைப் பிடிக்கும் அதே படிவு, ஆலையில் கொதிகலனைப் பிடித்தால் உயிருக்கே ஆபத்தாகும். செம்பனை எண்ணெய் ஆலைகளில் உள்ள நீராவிக் கொதிகலன்களை நம்மில் பலர் கண்டிருப்போம். சுண்ணாம்புப் படிவு, எஃகைவிடப் பல மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். குழாயின் உட்புறத்தில் அது படியும்போது நெருப்பின் சூடு நீருக்குச் செல்லாமல் உலோகத்திலேயே தேங்குகிறது. முதலில் எரிபொருள் வீணாகிறது; பின்பு உலோகம் அளவுமீறிச் சூடேறி இளகிப் புடைக்கிறது; இறுதியில் நீராவியின் அழுத்தம் தாங்காமல் வெடிக்கிறது. ஆகவேதான் கொதிகலனுக்குச் செல்லும் நீரில் கடினத்தன்மை அறவே இல்லாதவாறு பார்த்துக்கொள்கின்றனர். நீரைச் சோதித்துக் குறித்துவைப்பதும், அடியில் தங்கும் கசட்டை முறைப்படி வெளியேற்றுவதும் கொதிகலன் பணியாளரின் கடமை. "நேற்றுப் பார்த்தோம், இன்றும் அப்படித்தான் இருக்கும்" என்று எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுவது, பக்கத்தில் வேலை செய்யும் தோழரின் உயிரோடு விளையாடுவதாகும்.

ரப்பர்த் தொழிலிலும் கடினத்தன்மைக்கு இடமுண்டு. மங்கில் நாம் சேகரிக்கும் பாலிலேயே இயற்கையாக மக்னீசியம் இருக்கின்றது. மரத்தின் வகைக்கும் மண்ணுக்கும் ஏற்ப அதன் அளவு மாறும். கையுறை முதலியவை செய்வதற்கான செறிவுப்பால் தயாரிக்கும் ஆலைகளில் மக்னீசியம் மிகுந்தால் பால் நிலையாக நில்லாது, திரியத் தொடங்கும். ஆகவே, அம்மோனியா இட்ட பாலில் டைஅம்மோனியம் பாஸ்பேட் என்ற உப்பைச் சேர்க்கின்றனர். அது மக்னீசியத்தோடு கூடிச் சேறுபோல் அடியில் தங்கும். தெளிந்த பாலைப் பிரித்தெடுத்தபின் சுழல் இயந்திரத்துக்கு அனுப்புவர். நீரிலிருந்து கடினத்தைப் பிரிப்பதும் பாலிலிருந்து மக்னீசியத்தைப் பிரிப்பதும் ஒரே தத்துவமே.

ஷீட் தயாரிக்கும் சிறுதோட்டக்காரர்களும் நீரைக் கவனித்தல் வேண்டும். பாலில் கலக்கும் நீர் கடினமாக இருந்தால், அதிலுள்ள பைகார்பனேட்டு பார்மிக் அமிலத்தின் ஒரு பகுதியை முறித்துவிடும். பால் உறைவதற்கு அதிக அமிலம் செலவாகும். நீர் கலங்கலாக இருந்தால், மண் ஷீட்டினுள் சிக்கித் தரத்தைக் குறைக்கும். தரம் குறைந்தால் விலை குறையும். தெளிந்த நீரைப் பயன்படுத்துவது கைக்கு வரும் காசைக் காப்பதாகும்.

மென்னீருக்கும் ஒரு குறை உண்டு

கடின நீர் கெட்டது, மென்னீர் நல்லது என்று முடிவுகட்டிவிடலாகாது. மிக மென்மையான மலைநீர் பெரும்பாலும் சற்று அமிலத்தன்மை உடையது. அது குழாயின் உலோகத்தை மெல்ல அரித்துத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். செம்புக் குழாயாயின் தொட்டியில் பச்சைக் கறை தோன்றும். இரும்புக் குழாயாயின் துரு வரும். இரவு முழுதும் குழாயில் தங்கிய நீரைக் காலையில் சிறிது ஓடவிட்டுப் பின் குடிக்கப் பிடிப்பது நல்ல பழக்கம்.

இதனால், மென்னீர் கிடைக்கும் இடங்களில் சுத்திகரிப்பு நிலையத்தார் நீரில் அளவாகச் சுண்ணாம்பு சேர்த்து அமிலத்தன்மையைக் குறைக்கின்றனர். வியப்பு என்னவெனில், கடின நீரை மென்மையாக்கவும் சுண்ணாம்பே சேர்க்கப்படுகின்றது! 1841ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தாமஸ் கிளார்க் என்பவர், கணக்காகச் சுண்ணாம்பு சேர்த்தால் நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பும் கூடவே பிரிந்து படியும் எனக் காட்டி உரிமை பெற்றார். ஒரே பொருள் ஓரிடத்தில் ஒரு குறைக்கும் வேறிடத்தில் மற்றொரு குறைக்கும் மருந்தாகிறது. எந்த நீருக்கு எவ்வளவு என்பதை அளந்தறிந்தவரே அதனை இடவேண்டும்.

யாரிடம் கேட்பது?

வீட்டுச் சோதனை நமக்கு வழிகாட்டும். முடிவு சொல்வது ஆய்வுக்கூடமே. நீரைப் பற்றிய ஐயம் நீடித்தால் மாவட்டச் சுகாதார அலுவலகத்தை அணுகலாம். பொதுக் குழாய் எட்டாத கிராமப்புறங்களில் மலையூற்று நீரைக் குழாய்வழி இறக்குதல், கிணறு அமைத்தல், மழைநீர் சேமித்தல் ஆகியவற்றுக்குச் சுகாதார அமைச்சின் கிராமப்புறக் குடிநீர், சுற்றுப்புறத் தூய்மைத் திட்டம் உதவி வருகின்றது.

தோட்டத்தில் வழங்கப்படும் குடியிருப்புகளுக்குப் போதிய குழாய்நீரை இலவசமாக வழங்குவது முதலாளியின் கடமை என, தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. அதாவது 446ஆம் சட்டம். ஆகவே, லயத்துக் குழாயில் சேறு வந்தால், ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே கருவி வாங்கிக் கடன்படுவதற்கு முன், அனைவரும் ஒன்றுகூடி நிர்வாகத்திடம் எழுத்துமூலம் தெரிவிப்பதே முறை. பலனில்லையேல் தொழிலாளர் இலாகாவில் முறையிடலாம். பத்துக் குடும்பங்கள் தனித்தனியே செலவிடும் பணத்தால் தீராத குறை, நீர்த்தொட்டி ஒன்றைச் சரியாகச் சுத்தப்படுத்துவதால் தீர்ந்துவிடக்கூடும்.

வாசலில் கருவி விற்க வருபவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இக்கருவி நீரிலிருந்து எதனை நீக்குகிறது? அப்பொருள் எங்கள் நீரில் இருக்கிறது என்பதற்கு ஆய்வுக்கூட அறிக்கை உண்டா? மாதந்தோறும் உப்புக்கும் வடிகட்டி மாற்றுவதற்கும் என்ன செலவாகும்? இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைக்கும்வரை கையொப்பம் இடவேண்டாம்.

நினைவிற் கொள்க

கடினத்தன்மை என்பது நீரில் கரைந்துள்ள கால்சியமும் மக்னீசியமும்; கலங்கல் என்பது நீரில் கரையாத மண். முதலாவது சவர்க்காரத்தையும் கொதிகலனையும் கெடுக்கும். இரண்டாவது கிருமிகளைச் சுமந்துவந்து உடலைக் கெடுக்கும். சுண்ணாம்புக் கல் பூமியில் முதலாவதையும், லெம்பா பெர்த்தாம் போன்ற கருங்கல் மலைச்சாரலில் இரண்டாவதையும் முதலில் ஐயுறுக. குறையை அறிந்தபின்னரே பரிகாரத்துக்குப் பணம் செலவிடுக.

கலந்துரையாட வினாக்கள்

1. நம் தோட்டத்து நீர் எங்கிருந்து வருகிறது? அது வரும் வழியில் உள்ள மண் எது, கல் எது?

2. சவர்க்காரச் சோதனைக்குச் சலவைத்தூளைப் பயன்படுத்தலாகாது. ஏன்?

3. கேமரன் மலையில் பருப்பு வேக நேரம் ஆவதற்கும் யாழ்ப்பாணத்தில் பருப்பு வேக நேரம் ஆவதற்கும் காரணங்கள் வெவ்வேறு. அவை யாவை?

4. கொதிகலனில் படியும் சுண்ணாம்பு எவ்வாறு விபத்துக்கு வழிவகுக்கிறது?

5. நம் லயத்து நீர்த்தொட்டி கடைசியாக எப்பொழுது சுத்தம் செய்யப்பட்டது? அதனை யாரிடம் கேட்டறியலாம்?